‘ஆயிரத்தில் ஒருவன்’ கப்பல் எவ்வளவு உண்மை? கன்னித் தீவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை

கிள்ளான் - எம்.ஜி.ஆர். நடித்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965 ஜூலையில் வெளிவந்தது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் அதைப் பார்த்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். 2014-இல் டிஜிட்டல் முறையில் மெருகேற்றப்பட்டு மீண்டும் திரைக்கு வந்ததால், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் படம் அறிமுகமானது.

படம் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கப்பல்தான். உயர்ந்த பாய்மரம், கயிற்று ஏணி, மேல்தளத்தில் ஆட்டமும் பாட்டும், வாள் சண்டை, நம்பியாரின் கொள்ளைக் கூட்டம். இப்படியொரு கப்பல் தமிழர்களிடம் இருந்ததா? நம் மலாக்கா நீரிணையில் திரிந்த கொள்ளையர் இப்படித்தான் வந்தார்களா? சாகசப் படம் எது வந்தாலும் இந்தக் கேள்விகளும் கூடவே வருகின்றன.

சுருக்கமான பதில் இதுதான். அந்தக் கப்பல் தமிழர் கப்பல் அல்ல. நம் நீரிணைக் கொள்ளையரின் கப்பலும் அல்ல. ஆனால் மனிதனைப் பிடித்து, கடல் கடத்தி, ஒரு தீவில் உழைப்புக்கு விற்கும் அந்தக் கதை கற்பனை அல்ல. அதற்கு 340 ஆண்டுப் பழமையான உண்மைச் சம்பவம் ஒன்று அடிப்படையாக இருக்கிறது.

கதை எங்கிருந்து வந்தது?

பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய படம் இது. நெய்தல் நாட்டில் வைத்தியம் பார்க்கும் மணிமாறன், ஆட்சியை எதிர்த்துப் போராடிக் காயம்பட்டவர்களுக்கு மருந்திடுகிறான். அதுவே குற்றமாகி, தோழர்களோடு கன்னித் தீவுக்கு அடிமையாக விற்கப்படுகிறான். அங்கிருந்து தப்பிக் கடலுக்குப் போனால் கொள்ளையர் கையில் சிக்குகிறான்.

கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் என்பது தமிழ்ப் பாடத்தில் படித்தது. பெயர் அப்படித் தமிழாக இருந்தாலும் கதையின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ரஃபேல் சபாட்டினி 1922-இல் எழுதிய ‘கேப்டன் பிளட்’ நாவலும், அதை வைத்து 1935-இல் எரோல் ஃபிளின் நடித்து வந்த ஹாலிவுட் படமும் இந்தக் கதைக்கு மூலம். அதிலும் நாயகன் மருத்துவர்தான். 1685-இல் இங்கிலாந்து மன்னருக்கு எதிராக மான்மத் கோமகன் நடத்திய கிளர்ச்சியில் காயம்பட்டவரைக் கவனித்ததற்காக மேற்கிந்தியத் தீவுக்கு விற்கப்படுகிறார்.

உண்மையிலேயே அப்படியொரு மருத்துவர் இருந்தார். பெயர் ஹென்றி பிட்மன். மான்மத் படையில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்ததற்காகத் தண்டிக்கப்பட்டு பார்படோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களில் ஏறத்தாழ 800 பேர் இப்படி மேற்கிந்தியத் தீவுகளின் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் கரும்புத் தோட்டங்கள். பிட்மன் 1687-இல் ஒரு சிறிய திறந்த படகில் தப்பினார். வழியில் ஒரு தீவில் கடற்கொள்ளையரையும் சந்தித்தார். ஊர் திரும்பி, 1689-இல் தன் அனுபவத்தை அச்சிட்டார்.

ஆக, மணிமாறனுக்கு முன்னால் ஒரு பிட்மன் இருந்திருக்கிறார். அவர் தப்பிய படகில் பாட்டுப் பாடி ஆடுவதற்கு மட்டும் இடம் இருந்திருக்காது.

அந்தக் கப்பல் எந்தக் காலத்தது?

சாகசப் படங்களில் வரும் கொள்ளைக் கப்பலுக்கு ஒரு வாய்பாடு உண்டு. மூன்று பாய்மரம், சதுரப் பாய்கள், பக்கவாட்டில் பீரங்கித் துளைகள், பின்புறம் மாளிகை போல உயர்ந்த அறை, பெரிய சுக்கான் சக்கரம், மண்டையோட்டுக் கொடி. இவை எல்லாம் ஐரோப்பியக் கப்பலின் அடையாளங்கள். அதிலும் மண்டையோட்டுக் கொடியும் சுக்கான் சக்கரமும் 1700-ஐ ஒட்டித்தான் பழக்கத்துக்கு வருகின்றன. அட்லாண்டிக் கொள்ளையரின் பெரும் ஆட்டம் 1730-க்குள் அடங்கிவிட்டது. அந்த முப்பது ஆண்டுகளின் தோற்றத்தைத்தான் சினிமா எல்லாக் காலத்துக்கும் எல்லாக் கடலுக்கும் பொதுவாக்கிவிட்டது.

அந்த முப்பது ஆண்டுகளிலும் பெரும்பாலான கொள்ளையர் பெரிய கப்பலை விரும்பவில்லை. விரட்டிப் பிடிக்கவும், ஆழமில்லாத கழிமுகத்தில் ஒளியவும் சிறிய, வேகமான ஒற்றைப் பாய்மரக் கப்பலே அவர்களுக்கு வசதியாக இருந்தது. பெரிய கப்பல் வைத்திருந்தவர்கள் அதைக் கட்டவில்லை, பறித்தார்கள். யாரிடமிருந்து பறித்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கருந்தாடி என்று பெயர்பெற்ற கொள்ளையனின் ‘குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்’ 1717-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த அடிமைக் கப்பல். 1718-இல் அமெரிக்காவின் வட கரோலினா கரையில் தரைதட்டிய அதன் சிதைவுகள் 1996-இல் கண்டெடுக்கப்பட்டன. சாமுவேல் பெல்லமி பிடித்த ‘விடா’வும் அடிமை வணிகத்துக்காகவே லண்டனில் கட்டப்பட்டது. 1717-இல் புயலில் மூழ்கிய அந்தக் கப்பலை 1984-இல் கண்டுபிடித்தார்கள். பெயர் பொறித்த மணி கடலடியில் கிடைத்ததால் அது எந்தக் கப்பல் என்பதில் ஐயமே இல்லை.

கடலடியிலிருந்து சான்றோடு கிடைத்த இந்த இரண்டு பெரிய கொள்ளைக் கப்பல்களுமே மனிதர்களை விற்பனைச் சரக்காக ஏற்றியவை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கொள்ளையர் ஒரு கப்பலைப் பிடித்தால், தச்சரையும் மருத்துவரையும் விடுவதில்லை. அவர்கள் இல்லாமல் கடலில் பிழைக்க முடியாது. வைத்தியனான மணிமாறனைக் கொள்ளைக் கூட்டம் தன்னோடு சேர்த்துக்கொள்ளத் துடிப்பது சினிமாத்தனம் போலத் தெரியலாம், ஆனால் வரலாற்றோடு ஒட்டியே போகிறது.

மற்றபடி திரையில் காண்பது படப்பிடிப்புக் குழுவின் கைவண்ணம். 1935 ‘கேப்டன் பிளட்’ படத்தின் கடற்போரில் சிறு மாதிரிக் கப்பல்களும், 1924-இல் எடுத்த ஒரு மௌனப் படத்தின் காட்சிகளும் பயன்பட்டன. 2003-இல் வந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படத்தின் ‘பிளாக் பேர்ல்’ மிதவை மேல் எழுப்பிய செட். ‘ஆயிரத்தில் ஒருவன்’ குழுவினர் கர்நாடகக் கரையிலுள்ள கார்வாருக்குப் போய் உண்மைக் கடலிலேயே படம் பிடித்தார்கள். அந்தக் காட்சிகளில் இன்றைக்கும் காற்று அடிப்பது தெரிகிறது.

சோழர் கப்பல் எப்படி இருந்தது?

ஐரோப்பியக் கப்பல் வேண்டாம், நம் கப்பலையே காட்டுங்கள் என்று கேட்டால், ‘பொன்னியின் செல்வன்’ படக் குழுவினருக்கும் இருந்த சிக்கல்தான் வரும். 1025-ஆம் ஆண்டு வாக்கில் முதலாம் இராசேந்திரனின் படை கடாரம் வரை வந்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. கடலில் பல கலங்களைச் செலுத்தியதாகச் சொல்கிறதே தவிர, கலம் எத்தனை முழம், எத்தனை பாய் என்று சொல்லவில்லை. சோழரின் போர்க்கப்பல் இதுதான் என்று உறுதியாகக் காட்டக்கூடிய சிதைவு எதுவும் கடலிலிருந்து எடுக்கப்படவில்லை.

மொழியில் மட்டும் சான்று நிறைய இருக்கிறது. அம்பி, தோணி, ஓடம், வங்கம், நாவாய், கலம் என்று அளவுக்கும் வேலைக்கும் ஏற்ப வெவ்வேறு பெயர். பாய்மரத்துக்குக் கூம்பு, கப்பலைச் செலுத்துபவருக்கு மீகான். கடல் தெரியாத மக்களிடம் இத்தனை சொல் பிறக்காது. சாதவாகன மன்னர்களின் காசுகள் சிலவற்றில் இரட்டைப் பாய்மரக் கப்பலின் உருவமும் இருக்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில், சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் வெட்டிய கல் அது. துறைக்கு வரும் கப்பலின் தலைவன் பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்கிறது. அந்தத் தலைவனுக்குக் கல்வெட்டு தரும் பெயர் மரக்கல நாயன். 900 ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கம் தமிழ்க் கப்பல் தலைவர்கள் வழக்கமாக வந்துபோனதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

அந்தக் காலத்து இந்தியப் பெருங்கடல் கப்பல்கள் பலவற்றில் பலகைகளை ஆணி அடித்து இணைக்கவில்லை, கயிற்றால் தைத்தார்கள். 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த 9-ஆம் நூற்றாண்டு அரபுக் கப்பல் அப்படித் தைத்ததுதான். அதைப் பின்பற்றிக் கட்டிய ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ 2010-இல் ஓமானிலிருந்து கிளம்பி, வழியில் கொச்சியிலும் இலங்கையிலும் நின்று, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. தைத்த கப்பல் இத்தனை தூரம் தாங்குமா என்று கேட்டவர்களுக்கு அந்தப் பயணமே பதில்.

மலாக்கா நீரிணையின் லானுன்கள்

கொள்ளையரைப் பொறுத்தவரை நம் நீரிணைக்குக் கதைக்குப் பஞ்சமே கிடையாது. மலாய் மொழியில் கடற்கொள்ளையரை ‘லானுன்’ என்கிறோம். அந்தச் சொல்லே தென் பிலிப்பீன்சின் இரானுன் மக்களின் பெயரிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவர்களின் படகுக் கூட்டம் பருவக்காற்றைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் இந்தக் கரைகளுக்கு வந்தது.

அவர்களின் பெரிய படகு ‘லானோங்’. நீளமானது, பாரம் குறைந்தது. பாய் இருந்தாலும் துடுப்புதான் அதன் பலம். வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். காற்று விழுந்து வணிகக் கப்பல் நகர முடியாமல் நிற்கும் நேரமே அவர்களுக்கு வாய்ப்பு. முன்பக்கத்தில் ‘லேலா’ எனும் சிறு பீரங்கி இருக்கும். கிள்ளான், லங்காட் ஆறுகளின் கழிமுகம் சேறும் அலையாத்திக் காடுமாக இருப்பதை இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று பாய்மரக் கப்பல் அங்கே உள்ளே வந்தால் தரைதட்டும். லானுன் படகு காட்டுக்குள் புகுந்து மறைந்துவிடும்.

அவர்கள் தேடி வந்த பொருளில் முக்கியமானது பொன்னோ முத்தோ இல்லை, மனிதர்கள். கரையோரக் கிராமங்களில் பிடித்தவர்களைச் சூலு தீவுகளில் விற்றார்கள். 1770-க்கும் 1870-க்கும் இடையில் 2 லட்சம் முதல் 3 லட்சம் பேர் வரை அங்கே கொண்டுபோகப்பட்டிருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர் ஜேம்ஸ் வாரன் கணக்கிடுகிறார். பிடிபட்டவர்களில் பலர் அதே படகில் துடுப்புப் போட உட்கார வைக்கப்பட்டார்கள்.

ஜுக்ரா வழக்கும் போர்ட் சுவெட்டன்ஹமும்

இரானுன் படகுகள் ஓய்ந்த பிறகு, இதே சிலாங்கூர் கரையில் நடந்த வேறொரு கொள்ளை நாட்டின் போக்கையே மாற்றியது. 1873 நவம்பரில் லங்காட் பகுதியிலிருந்து மலாக்காவுக்குப் போன ஒரு வணிகப் படகு, ஜுக்ரா ஆற்று முகத்துவாரத்தில் தாக்கப்பட்டது. படகில் இருந்தவர்களில் ஒருவர் தப்பி விஷயத்தைச் சொன்னார்.

சிலாங்கூரில் அப்போது கிள்ளான் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைய வழி பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களுக்கு இந்தக் கொள்ளை வழக்கு கைக்கு வந்தது. 1874 பிப்ரவரியில் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் போர்க்கப்பல்களோடு லங்காட்டுக்கு வந்தார். விசாரணை நடந்து, மரண தண்டனையும் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுல்தான் அப்துல் சமாட்டின் அருகில் இருந்து ஆலோசனை சொல்ல ஒரு இளம் அதிகாரி அனுப்பப்பட்டார். அவர் பெயர் ஃபிராங்க் சுவெட்டன்ஹம்.

பிறகு சிலாங்கூரில் ஆங்கிலேய ஆட்சி வேரூன்றியது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் ரயில் ஓடியது. தோட்டங்கள் பெருகின. 1901-இல் திறந்த புதிய துறைமுகத்துக்குச் சுவெட்டன்ஹமின் பெயரையே வைத்தார்கள். நம் பெரியவர்கள் இன்றும் போர்ட் சுவெட்டன்ஹம் என்று சொல்வது அதைத்தான். கிள்ளான் துறைமுகம் என்ற பெயர் 1972-இல்தான் வந்தது. கொள்ளை நடந்த அதே லங்காட் கரையோரம், கேரித் தீவு வரைக்கும், தோட்டம் வெட்டத் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள்.

திரையில் வராத கப்பல்

தமிழர்கள் அந்தத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் எது? ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்களைச் சேர்த்து, பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் நீராவிக் கப்பல்களில் ஏற்றினார்கள். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று துறை துறையாக இறக்கினார்கள். இறங்கியவர்களில் பெரும்பாலோர் தோட்ட லயத்துக்குப் போனார்கள். சிலர் ரயில்வே வேலைக்குப் போய் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளில் தங்கினார்கள்.

அந்தக் கப்பல்களில் மக்கள் மனத்தில் நின்ற பெயர் ‘ரஜூலா’. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. தொடக்கத்தில் மேல்தளப் பயணிகள் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறை கிடையாது, படுக்கை கிடையாது. பாயை விரித்த இடம்தான் ஒரு குடும்பத்துக்கு வீடு. சுமார் ஒரு வாரப் பயணம்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளியான 1965-இலும் ரஜூலா ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத் திடலில் உட்கார்ந்து மணிமாறனின் கப்பலைப் பார்த்தவர்களில் பலர், உண்மையான கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள். 1974-இல் ரஜூலா உடைக்கப்பட்டது. அடுத்து ஓடிய ‘சிதம்பரம்’ 1985-இல் தீப்பற்றி உயிர்ச்சேதம் ஏற்பட்டபின் அந்தக் கடல்வழிப் பயணமும் முடிந்தது.

அடிமையா, ஒப்பந்தக் கூலியா?

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மணிமாறன் விற்கப்பட்டான். நம் முன்னோர் சட்டப்படி அடிமைகள் அல்ல. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடினால் அது குற்றம், சிறைக்கே போக வேண்டும். வாங்கிய முன்பணம் கடனாகத் தலைமேல் நின்றது. 1910-இல் ஒப்பந்தமுறையில் ஆள் சேர்ப்பது நின்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அந்த ஆண்டு இந்திய அரசே கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

அதனால் கன்னித் தீவும் கேரித் தீவும் ஒன்று என்று சொல்வது வரலாறு ஆகாது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் சரியில்லை. மான்மத் கைதிகளைப் பார்படோஸுக்கும், பின்னாளில் நம்மவரைச் செபராங் பிறைக்கும் கொண்டுபோனது ஒரே தேவைதான். கரும்பு வெட்ட மலிவான, ஓட முடியாத ஆட்கள் வேண்டியிருந்தார்கள்.

கொள்ளையனாகாமலே உரிமை கேட்டவர்களும் இதே கிள்ளானில் இருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்ற போராட்டத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பெண்களுக்குப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கு முறையான தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றைக் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். மே மாதம் நாதன் கைதானார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். குறைந்தது 5 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

வீட்டில் கேட்க வேண்டியது

அடுத்த முறை பிள்ளைகள் கொள்ளைக் கப்பல் படம் பார்த்து, இது உண்மையா என்று கேட்டால், கப்பலின் பாயையும் பீரங்கியையும் மட்டும் பேசி முடிக்க வேண்டியதில்லை. கப்பலின் அடித்தளத்தில் யார் இருந்தார்கள், எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்றும் சேர்த்துப் பேசலாம்.

கப்பலில் வந்தவர்கள் நம் வீடுகளில் குறைந்துகொண்டே போகிறார்கள். எந்த ஆண்டு வந்தீர்கள், எந்தத் துறையில் ஏறினீர்கள், கப்பலின் பெயர் என்ன, கூட வந்தவர் யார், முதலில் போன தோட்டம் எது என்ற ஐந்து கேள்விகளைக் கேட்டு எழுதிவைக்க ஒரு பிற்பகல் போதும். பழைய கடப்பிதழ், கப்பல் டிக்கெட், அடையாளச் சீட்டு என்று பெட்டியடியில் ஏதாவது இருந்தால், ஒரு படம் பிடித்து அந்தப் பதில்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.